கிராஞ்சியிலிருந்து மாமாவை ரத்தம் கொடுக்க அழைத்துப் போன நாள்

சிங்கப்பூரில் கிராஞ்சியில் இருக்கும் செடிப் பண்ணைகளுக்கு எப்படிப் போவது என்று தேடி இங்கே வந்தவர்களுக்கு இந்தப் பதிவின் நடுப்பகுதி உதவும். குடும்பத்தில் பரம்பரையாகப் பெருங்குடல் புற்றுநோய் வருகிறதா என்று கண்டுபிடிக்கும் ஆய்வுக்கு, வர மாட்டேன் என்கிற உறவினர் ஒருவரை அழைத்துப் போக வேண்டியவர்களுக்கு மற்ற பகுதிகள். எனக்கு இரண்டும் ஒரே நாளில் நடந்தன. இந்த ஆண்டு தைப்பூசம் முடிந்த மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வயது பத்தொன்பது. வீடு செம்பவாங்கில். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது உயர்நிலை மூன்றோடு பள்ளியை நிறுத்திக்கொண்டேன். அப்பா கப்பல் பட்டறையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பதால் அம்மாவோடு பகலில் இருக்க வேறு ஆள் கிடையாது. இப்போது லிட்டில் இந்தியாவில், தேக்காவில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். எதிரில் ஆள் நின்றால் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் வரும்.

அம்மாவுக்கு முதலில் மலத்தில் ரத்தம் போனது. அவர் கவலைப்படவில்லை. "எங்க வீட்டுல எல்லாருக்கும் மூலம் வரும். அப்பாவுக்கு வந்துச்சு, அண்ணனுக்கு வந்துச்சு, இப்ப எனக்கு" என்று ஏதோ மூக்கு ஜாடையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, துத்திக் கீரையை வதக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாதங்கள் போயின. கடைசியில் மருத்துவமனையில் பார்த்தபோது அது பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரல் வரை போயிருந்தது. அப்போது அம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. இரண்டு ஆண்டுகள் இருந்தார்.

இறப்பதற்கு முன்பு அம்மா ஓர் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்திருந்தார். ஆய்வை நடத்துகிறவர் டாக்டர் ஜமீலா. இளம் வயதிலேயே இந்த நோய் வருகிறவர்களின் மரபணுக்களைப் பார்ப்பது அவருடைய வேலை. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக இங்கே. தமிழும் ஆங்கிலமும் கலந்து வேகமாகப் பேசுவார். தைப்பூசம் முடிந்து சில நாளில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உடம்பில் ஒவ்வொரு உயிரணுவும் பிரியும்போது அதன் உள்ளே இருக்கும் எழுத்துகளைப் படியெடுக்கிறது. படியெடுக்கும்போது பிழை வரும். அந்தப் பிழைகளைத் திருத்துவதற்கென்றே சில மரபணுக்கள் இருக்கின்றன. அம்மாவிடம் அப்படி ஒரு திருத்தும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றம்தான் நோய்க்குக் காரணமா, இல்லை யாருக்கும் கெடுதல் செய்யாத வெறும் மாற்றமா என்பது யாருக்கும் தெரியாது.

"ஏன் தெரியாதுன்னா, ஒப்பிட்டுப் பார்க்க நம்ம ஆளுங்க ரத்தம் ரொம்பக் குறைவு லா," என்றார். "வெள்ளக்காரங்களுக்கு எவ்வளவோ டேட்டா இருக்கு. அதுல தேடினா இந்த மாற்றம் ஒருத்தர்கிட்டயும் இல்ல. தமிழாளுங்க டேட்டா இருந்தாத்தானே தேடறதுக்கு?"

காரணம் அதுதான் என்று உறுதியானால், எனக்கும் அது வந்திருக்கிறதா என்று சோதிக்கலாம். அம்மாவிடமிருந்து வந்திருக்கவும் வராமல் இருக்கவும் சரிபாதி வாய்ப்பு. வந்திருந்தால் இப்போதிருந்தே குடலைக் கேமரா வைத்துப் பார்த்து, கெட்டுப் போவதற்கு முன்பே எடுத்துவிடலாம். உறுதியாகாவிட்டால், என்னைச் சோதித்தும் பயனில்லை. அர்த்தம் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் தெரியும்.

டாக்டர் ஒரு தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. அம்மாவின் வட்டம் கறுப்பு. பக்கத்தில் அம்மாவின் அண்ணன், சேகர் மாமா, வெள்ளைச் சதுரம்.

"இவருக்கு ஒண்ணும் இல்லையா?"

"மூல ஆபரேஷன் பண்ணாங்க டாக்டர். ஜொகூர்ல. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப."

"எத்தன நாள் ஆஸ்பத்திரியில இருந்தாரு?"

"பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும். அம்மா தினமும் கஞ்சி கொண்டு போனாங்க."

"மூலத்துக்குப் பன்னெண்டு நாளா?" என்று கேட்டு என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவு வந்தது. தைப்பூசத்துக்கு மாமா பால்குடம் எடுத்தார். சட்டை இல்லாமல், இடுப்பில் மஞ்சள் வேட்டியோடு. நான் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலுடன் நடந்தேன். அவருடைய வயிற்றில் தொப்புளுக்கு மேலிருந்து வேட்டிக்குள் போகும்வரை நேராக ஒரு தழும்பு. எல்லோரும்தான் பார்த்தார்கள். எல்லோருக்கும் அது மூல ஆபரேஷன் தழும்பு.

நான் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மூலத்துக்கு வயித்த வெட்ட மாட்டாங்க, வாணி."

மாமாவுக்கு வந்ததும் புற்றுநோய்தான் என்றால், அவருடைய ரத்தத்திலும் அதே எழுத்து மாறியிருந்தால், அது பெரிய சாட்சி. மாறியிருக்காவிட்டால் அதுவும் ஒரு சாட்சி. எப்படியும் மாமாவின் ரத்தம் வேண்டும். ஆனால் டாக்டர் அவரைக் கூப்பிட முடியாது. ஆய்வாளர்கள் உறவினர்களை நேராகத் தொடர்புகொள்ளக் கூடாதாம். வீட்டு ஆள்தான் போய்ச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்வது தீபாவளிக்கு மட்டும்.

இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் "பார்க்கலாம் பாப்பா, செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருக்கேன்" என்று வைத்துவிட்டார். அவருடைய மகள் காவ்யா அக்காவுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்து ஜாதகம் பொருந்தியிருந்தது. இந்த நேரத்தில் அவர் போனில் பிடிகொடுக்க மாட்டார் என்று தோன்றியது, அதனால் நேரில் போவது என்று முடிவு செய்தேன்.

இனிப் பயணம். செம்பவாங்கிலிருந்து கிராஞ்சிக்கு எம்ஆர்டி ரயிலில் நான்கு நிலையம்தான், கால் மணி நேரம்கூட ஆகாது. கட்டணம் ஒன்றரை வெள்ளி, அதாவது டாலர், அளவு. சிரமம் அதற்குப் பிறகுதான். பண்ணைப் பக்கம் போகும் பேருந்துகள் குறைவு. நான் போன அன்று முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்தேன். பேருந்து எண்களும் வழிகளும் மாறுகின்றன என்பதால் இங்கே எழுதவில்லை. வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். குடையும் தண்ணீரும் கட்டாயம். வழியில் கடை எதுவும் கிடையாது.

பேருந்தில் இருந்து இறங்கி மாமா வேலை பார்க்கும் நர்சரிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடைபாதை பாதியிலேயே முடிந்துவிடும், பிறகு புல்லில்தான் நடை. நான் இறங்கியது பத்தரை மணிக்கு. பத்து நிமிடம் நடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பின்னால் ஒரு லாரி வந்து மெதுவானது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், பேச்சு மதுரைப் பக்கம்.

"எங்கம்மா போறீங்க இந்த வெயில்ல?"

"நர்சரிக்கு."

"யாரப் பார்க்க?"

"சேகர் மாமாவ."

"அட, சேகரண்ணன் வீட்டுப் பிள்ளையா? ஏறுங்க, அங்கிட்டுத்தான் உரம் எறக்கப் போறேன்."

"பரவால்ல, நடக்கிறேன்."

"முன்னாடி சீட்டு காலியாத்தாம்மா இருக்கு."

"பரவால்ல."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நடந்து போய்ச் சேர்ந்தபோது மாமா ரப்பர் பூட்ஸோடு வாசலிலேயே நின்றிருந்தார். "ஒரு பொண்ணு வருது, பேயப் பார்த்த மாதிரி என்னப் பார்க்குதுன்னான் லாரிக்காரன். நீயாத்தான் இருக்கும்னு நெனச்சேன்," என்றார்.

உள்ளே மல்லிகைத் தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே உட்கார வைத்து ஐஸ் மைலோ கொடுத்தார். வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது எல்லாம் மறந்துபோனது. கையில் இருந்த குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"மாமா, மூலத்துக்கு வயித்துல வெட்ட மாட்டாங்களாம்."

அவர் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயைத் திருகி மூடினார்.

"யாரு சொன்னா?"

"டாக்டர். தைப்பூசத்தன்னிக்கு நான் பார்த்தத அவங்ககிட்ட சொன்னேன்."

பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். "ஒரு அடி நீளத்துக்குக் குடல எடுத்தாங்க. ஒங்க அத்தைக்கு மட்டும்தான் தெரியும். காவ்யா அப்ப சின்னப் பிள்ள. கேன்சர் வீடுன்னு பேரு வந்துட்டா நாளைக்கு யாரு பொண்ணு எடுப்பான்னு அத்தை அழுதா. சரி, மூலம்னு சொல்லிட்டேன். மூலம்னா யாரும் மேல கேட்க மாட்டாங்க பாரு. கேட்கவே கூச்சப்படுவாங்க."

பிறகு, "ஒங்கம்மாவும் கேட்கல," என்றார். "அவளுக்கு ரத்தம் போறப்ப எங்கிட்டதான் வந்தா. அண்ணே, ஒனக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்குன்னு சிரிச்சா. அன்னிக்கு நான் வாயத் தொறந்திருக்கணும். டாக்டர்கிட்டப் போய்க் காட்டுன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு சொல்லல. சொல்லியிருந்தா மறுநாளே போயிருப்பா."

பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பரவாயில்லை என்று நான் நினைக்கவும் இல்லை. கோபமாக இருந்தது. அதே சமயம் அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. "ரத்தம் ஒரு சின்னக் குழாய்தான் மாமா எடுப்பாங்க. டாக்டர் அஞ்சு மணி வரைக்கும் இருப்பாங்க," என்று மட்டும் சொன்னேன்.

"இன்னிக்கேவா?"

"இன்னிக்குப் போகலன்னா நீங்க வர மாட்டீங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாயில்லாப் பூச்சின்னு ஒன்னச் சொல்றது யாரு?" என்று கேட்டுவிட்டுச் சட்டை மாற்றப் போனார். உரம் இறக்கிவிட்டுத் திரும்பிய அதே லாரி எங்களை நிலையத்தில் இறக்கிவிட்டது. இந்த முறை முன் இருக்கையில் ஏறிக்கொண்டேன். ஓட்டுநரின் சிரிப்பு கண்ணாடியில் தெரிந்தது.

கிராஞ்சியிலிருந்து தேக்காவுக்குப் போக, நியூட்டனில் இறங்கி டவுன்டவுன் தடத்துக்கு மாற வேண்டும், அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. மொத்தம் ஒரு மணி நேரம். இரண்டு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். மருத்துவமனைக்கு அங்கிருந்து பேருந்தில் இருபது நிமிடம். ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தேக்கா உணவுக் கடைகளில் சாப்பிடலாம் என்றேன். மாமாவுக்குத் தோசை, எனக்கு மீன் பிரியாணி, இரண்டு தே, அதாவது பால் தேநீர். பதினொரு வெள்ளி ஆனது. ஒரு மணிக்குள் போனால் உட்கார இடம் கிடைக்காது. நாங்கள் போனது இரண்டுக்கு.

அங்கேதான் எல்லாம் கெட்டுவிடும் போலிருந்தது. காய்கறியும் மீனும் விற்கும் ஈரச் சந்தையிலிருந்து தள்ளுவண்டிப் பையை இழுத்துக்கொண்டு வந்தவர் செல்வி ஆன்ட்டி, காவ்யா அக்காவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அம்மா.

"என்ன சம்பந்தி, காட்ட விட்டு வெளிய வந்துட்டீங்க? புலி கிலி தொரத்திச்சா?" என்று எங்கள் மேசையிலேயே உட்கார்ந்தார். நிச்சயம்கூட ஆகவில்லை, அதற்குள் சம்பந்தி. மாமா சிரிக்க முயன்றார்.

"ஆஸ்பத்திரி வரைக்கும்..." என்று இழுத்தார்.

"யாருக்கு? ஒங்களுக்கா? மறுபடியும் அந்த மூலமா? என் வீட்டுக்காரருக்கும் இருக்கு. வெட்கப்படாதீங்க லா, இந்த வயசுல யாருக்குத்தான் இல்ல?"

மாமா தோசையைப் பிய்த்தார். சாப்பிடவில்லை. ஆமாம் மூலம்தான் என்று சொல்லிவிட்டால் போதும், ஆன்ட்டி கிளம்பிவிடுவார். அவர் அதைத்தான் சொல்லப் போகிறார், சொன்ன பிறகு மருத்துவமனைக்கு வரமாட்டார், எழுந்து கிராஞ்சிக்கே போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது. நான் பிரியாணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது மூலம் இல்லம்மா," என்றார் மாமா. "எனக்குக் குடல்ல கேன்சர். பதினோரு வருஷம் ஆச்சு, வெட்டி எடுத்தாச்சு. என் தங்கச்சி செத்ததும் அதுலதான். இது அவ மக. குடும்பத்துல வர்றதான்னு பார்க்க ரத்தம் கொடுக்கப் போறேன்."

செல்வி ஆன்ட்டி பையின் கைப்பிடியை விட்டார். பக்கத்து மேசையில் யாரோ கோப்பி கேட்டுக் கத்தினார்கள்.

"காவ்யாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சு அந்தப் பொண்ணுக்குத் தெரியாம இருக்கலாமா? மொதல்ல அவளுக்குப் போனப் போடுங்க." எழுந்தார். இரண்டடி போய்த் திரும்பி வந்தார். "வீட்டுல பேசிட்டுத்தான் நான் எதுவும் சொல்ல முடியும். தப்பா நெனைக்காதீங்க," என்றார். பிறகு என்னிடம், "சாப்பிடும்மா, ஆறுது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா அங்கேயே போன் செய்தார். காவ்யா அக்கா பாலர் பள்ளி ஆசிரியை. பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் எனக்கே கேட்டது. மாமா இரண்டே வரியில் சொன்னார். இரைச்சல் நின்றது, அக்கா அறையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். "மூலம்னு சொல்லிச் சொல்லி எத்தன வருஷம் என்னத் துத்திக் கீரை வாங்க வச்சீங்க!" என்று அழுதுகொண்டே திட்டினார். "அத்தனையும் தின்னீங்களாப்பா?" என்று கேட்டார். "தின்னேன்மா," என்றார் மாமா. "எந்த ஆஸ்பத்திரி? அங்கேயே இருங்க, வர்றேன்."

மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வேலை ஐந்து நிமிடம். பேசுவதற்குத்தான் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாதிப் பேச்சில் காவ்யா அக்காவும் வந்து மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டர் ஜமீலா அவரை "வாங்கண்ணே" என்று எழுந்து நின்று வரவேற்றார். ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லி, புரிந்ததா என்று கேட்டு, பிறகுதான் கையெழுத்து வாங்கினார். மலேசியாவில் இருக்கும் அந்த ஜொகூர் மருத்துவமனைக்கு எழுதி அறுவை சிகிச்சை விவரம் கேட்கவும் மாமா சம்மதித்தார். ஊசி குத்தும்போது மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"என் தங்கச்சிகிட்ட எடுத்த ரத்தம் இன்னும் இருக்கா டாக்டர்?"

"இருக்குண்ணே. ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கு."

"அப்ப என்னோடதயும் அவ பக்கத்துல வைங்க."

டாக்டர் சரி என்றார். குழாய்கள் எண் வரிசைப்படிதான் அடுக்கப்படும் என்று எனக்கு அப்புறம் சொன்னார். ஆனாலும் அன்று பக்கத்திலேயே வைத்தாராம்.

முடிவு வர ஐந்து மாதம் ஆனது. மாமாவிடமும் அதே மாற்றம் இருந்தது. அது மட்டும் போதாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வேறொரு நாட்டில் இன்னொரு தமிழ்க் குடும்பத்திலும் அதே மாற்றம் கிடைத்திருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அதை நோய்க்குக் காரணமாகக் கூடியது என்று வகை மாற்றினார்கள். அதன் பிறகுதான் காவ்யா அக்காவும் நானும் எங்களுக்கான சோதனையைச் செய்துகொண்டோம். கல்யாணப் பேச்சு இரண்டு மாதம் நின்று, இப்போது மறுபடி நடக்கிறது. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கு அந்த மாற்றம் இல்லை என்பது தெரிவதற்கு முன்பே செல்வி ஆன்ட்டி போன் செய்துவிட்டார் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

இதே பயணத்துக்குத் தயாராகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். போனில் கேட்காதீர்கள், நேரில் போங்கள். ஒரே நாளில் அழைத்து வர முடிந்தால் அழைத்து வந்துவிடுங்கள். ஆய்வாளரிடம் அன்று எத்தனை மணி வரை இருப்பார் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். குடும்பப் படம் வரையும்போது, மூலம், அல்சர், வயிற்றுவலி, செய்வினை என்று வீட்டில் சொன்னதை அப்படியே சொல்லாதீர்கள். எத்தனை நாள் படுத்திருந்தார், எங்கே வெட்டினார்கள், எந்த வயதில் என்று விசாரித்துச் சொல்லுங்கள். ரத்தம் போனால் மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும்.

முடிவு கேட்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். எனக்கு அப்பா வருவதாக இருந்தது, ஷிஃப்ட் மாறிவிட்டது. மாமா வந்தார். பதிவு மேசையில் இருந்த பெண், கூட வந்திருப்பவர் யார் என்று கேட்டார். எனக்கு வழக்கம்போலச் சத்தம் வரவில்லை. "தாய்மாமன். எனக்கும் கேன்சர் வந்துச்சு, அதான் கூட வந்தேன்," என்றார் மாமா. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.

எனக்கு அந்த மாற்றம் இருக்கிறது. டாக்டர் ஜமீலா சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது வயது ஆனதும் முதல் கேமரா சோதனை, பிறகு ஒழுங்காகத் தொடர வேண்டும் என்றார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். இரண்டு பேருந்துகளை விட்டோம். நான் அழுது முடிக்கும்வரை மாமா பக்கத்திலேயே இருந்தார்.

"மொத ஸ்கோப்புக்கும் நாந்தான் வருவேன்," என்றார் பிறகு. "முன்னாடியே பார்த்து எடுத்துட்டா ஒண்ணும் ஆகாது பாப்பா. என்னப் பாரு."

பார்த்தேன்.